பன்னிரண்டு கிணற்றுக்கு ஒரே உப்பு

பன்னிரண்டாவது போத்தலும் மற்றப் பதினொன்றையும் போல அதே துளியில் சிவந்தபோது, குணலட்சுமி குடுவையை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் அவள் கை கழுவுவாள்.

அவள் செய்துகொண்டிருந்த சோதனை சின்னது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அறிய நாக்கை நம்பக்கூடாது; வெயிலில் நடந்து வந்தவனுக்கு உவர்நீரும் இனிக்கும். ஆகவே அளந்தெடுத்த தண்ணீரில் மஞ்சள் நிறக் குரோமேற்றுக் கரைசலைக் கொஞ்சம் விட்டு, மேலே நிற்கும் மெல்லிய குழாயிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளி துளியாக இறக்க வேண்டும். வெள்ளிக்கு உப்பின் மேல்தான் முதல் ஆசை. உப்பு இருக்கும்வரை அதனோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். மஞ்சளை ஏறெடுத்தும் பார்க்காது. உப்பெல்லாம் தீர்ந்த பிறகு விழும் துளிதான் மஞ்சளைப் பிடித்துச் செங்கல் நிறமாக்கும். அந்தச் சிவப்புத் தோன்றும்வரை எவ்வளவு வெள்ளி செலவாயிற்றோ அவ்வளவுக்கு உப்பு. கிணற்றுக்குக் கிணறு அது மாறும். ஒரே வேலியின் இந்தப் பக்கத்துக் கிணறும் அந்தப் பக்கத்துக் கிணறும்கூட ஒத்துவராது, ஏனென்றால் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகள் தங்கள் பாட்டுக்கு எங்கெங்கோ ஓடுகின்றன.

ஆனால் பூவரசங்கேணியிலிருந்து வந்த பன்னிரண்டு போத்தல்களும் ஒரே துளியில் சிவந்தன.

வெள்ளிக் கரைசல் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தாள். அளந்த உப்பை மழைநீரில் போட்டுச் சோதித்தாள். கணக்கு மயிரிழை பிசகாமல் வந்தது. கண் பிழையோ என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டுச் சிவப்பைப் பார்க்கச் சொன்னாள். அவளும் அதே துளியில்தான் "இந்தா!" என்றாள். மருந்தும் சரி, கண்ணும் சரி. கணக்குத்தான் நடக்க முடியாத கணக்காக இருந்தது.

முப்பத்தெட்டாம் ஆண்டு அது. பூவரசங்கேணியின் நடுவே அந்தச் சித்திரையில்தான் எண்ணெய் இயந்திரம் ஒன்றை வைத்துத் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் குழாய் வழியாகக் குருநகருக்குப் போயிற்று. கரையோரத்தில் மீன்பிடித்து வாழும் அந்தச் சனங்களின் கிணறுகள் எப்போதுமே உவர். முந்திய வருடக் கோடையில் அந்தத் தண்ணீரோடு வாந்திபேதியும் சேர்ந்து வந்து வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் குடிநீர்த் திட்டக் குழு ஒன்று அமைந்தது, இயந்திரம் வந்தது. இயந்திரத்தைச் சுற்றியுள்ள பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளைக் கண்காணிக்கும் வேலையைக் குழு குணலட்சுமியிடம் கொடுத்தது. மதராசில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, உடுவில் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் அவள். இயந்திரம் வருவதற்கு முந்திய வருடமே அந்த ஊர்க் கிணறுகளை அளந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். குழு அதைக் கொழும்பில் அச்சிட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பியிருந்தது.

எதற்காக இந்தக் கண்காணிப்பு? யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். பாரத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான்: நாற்பது படி கடல்நீரும் நாற்பத்தொரு படி நன்னீரும் தராசில் சமமாக நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் குடாநாடே உயிர் வாழ்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதைத் தாங்க மட்டத்துக்குக் கீழே நாற்பதடி நன்னீர் மிதக்க வேண்டும். கேட்கச் சந்தோஷமான கணக்கு. ஆனால் அதையே திருப்பிப் போட்டால், மேலே ஓரடியை இறைத்தெடுத்துவிட்டால், கீழே கடல் காலப்போக்கில் நாற்பதடி ஏறும். துலா மிதித்துப் பனையோலைப் பட்டையால் இறைக்கிறவன் களைத்துப் போவான். அவன் களைப்பே தண்ணீருக்குக் காவல். இயந்திரம் களைப்பதில்லை.

போன மாதம், வைகாசிப் போத்தல்கள் வந்தபோதும் பன்னிரண்டும் ஒன்றாகவே இருந்தன. இயந்திரம் இழுக்கிற இழுவையில் அயற்கிணறுகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து சமமாகிவிட்டன என்று அவள் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாள். நல்ல காரணம் அகப்பட்ட சந்தோஷத்தில், "சுற்றியுள்ள கிணறுகளுக்குப் பாதிப்பு இல்லை" என்று சுருக்கமாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பியும்விட்டாள். அங்கே நடந்த கூட்டத்துக்கு மதராசிலிருந்தும் யாவாத் தீவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் நீர் அறிஞர்களும் அரசாங்க அதிகாரிகளும் வந்திருந்தார்கள். சுண்ணாம்புக் கல்லின்மேல் சனம் குடியிருக்கும் தீவுகள் உலகத்தில் பல. பூவரசங்கேணியில் சரிவந்தால் அங்கேயும் இதே இயந்திரம், இதே குழாய். அவளுடைய அந்த ஒரு வரியைக் கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்களாம். அவர்களில் சிலர் வருகிற வியாழக்கிழமை இயந்திரத்தைப் பார்க்க யாழ்ப்பாணம் வருகிறார்கள்.

இப்போது ஆனிப் போத்தல்கள். பன்னிரண்டும் ஒன்று, வைகாசிக்கும் ஆனிக்கும் துளி மாற்றமில்லை. ஆனால் இயந்திரக் கிணற்றிலிருந்து தனியே வந்த பதின்மூன்றாவது போத்தலில் உப்பு இரண்டு மடங்காகியிருந்தது. எல்லாம் கலந்து சமமாகியிருந்தால் எல்லாமல்லவா ஏறியிருக்க வேண்டும்? நடுவில் உப்பு வந்தது, சுற்றிவரத் துளியும் அசையவில்லை. அது எந்த வழியாக வந்தது?

மறுநாள் காலை அவள் மாட்டுத் திருக்கல் வண்டியில் பூவரசங்கேணிக்குப் போனாள். கைப்பையில் வெள்ளிக் கரைசலைத் துளி துளியாக விடும் துளிப்போத்தலும் மற்ற மருந்துகளும் இருந்தன.

இயந்திரக் கொட்டிலில் கிறிஸ்துநாயகம் எண்ணெய்த் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். குருநகர்க்காரன். முன்பு மோட்டார் வள்ளம் ஓட்டியவன். இப்போது இந்த இயந்திரம் அவன் பொறுப்பு.

"என்ன ரீச்சர், வியாழக்கிழமை எண்டெல்லோ சொன்னவை?"

"அவை வியாழக்கிழமை. நான் இண்டைக்கு. கிறிஸ்துநாயகம், தண்ணியைக் குடிச்சுப் பாத்தனீரோ?"

"குடிச்சனான். கொஞ்சம் கரிக்குது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் இயந்திரத்தைப் பார்த்தபடியே பேசினான். சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "என்ரை அக்கா கத்தரீனாவைத் தெரியுந்தானே? போன வரியம் ஒரே கிழமையிலை ரெண்டு பெட்டி அடிச்சனாங்கள், ரீச்சர். ரெண்டும் இவ்வளவுதான் நீளம்." கையால் காட்டினான். "எங்கடை கிணத்தோடை பாக்கேக்கை இது தேன். கரிச்சால் கரிச்சிட்டுப் போகட்டும். நிப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

"நிப்பாட்டச் சொல்ல வரேல்லை. என்ன நடக்குதெண்டு பாக்க வந்தனான்."

"உங்களைப்போலப் படிச்ச ஆக்கள் பாக்க வந்தாலே கடைசியிலை என்னத்தையாவது நிப்பாட்டுவியள்," என்றான் அவன். சிரித்தானோ என்னவோ, சத்தத்தில் தெரியவில்லை.

கொட்டிலுக்கு அடுத்தது மார்க்கண்டுவின் தோட்டம். மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சி மண் ஈரமாகவே இருந்தது. ஆனால் இலைகள் வாடித் தொங்கின, ஓரங்கள் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியிருந்தன. குணலட்சுமி குனிந்து பார்த்தாள். வாய்க்கால் கரையில் மெல்லிய வெள்ளைப் பொருக்கு. உப்பு மண்ணில் கூடினால் செடி ஈரத்துக்குள் நின்றே தாகத்தில் சாகும். வேரால் அந்தத் தண்ணீரை இழுக்க முடியாது. அடுத்த தோட்டத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் சற்றுக் குறைவு. கருகிய தோட்டங்களின் சொந்தக்காரர்கள் எல்லோருமே துளி மாறாத நல்ல தண்ணீரை அவளுக்குப் போத்தலில் அனுப்பியிருந்தார்கள்.

அவள் ஊரின் வடக்கு எல்லையிலிருந்த கோயில் கிணற்றடிக்கு நடந்தாள். நன்னீர்க் கிணறு என்று ஊர் முழுவதும் குடிக்க அள்ளுவது அங்கேதான். இயந்திரத்திலிருந்து வெகு தூரம் என்பதால் அவளுடைய பட்டியலில் அது இல்லை. ஒரு வாளி அள்ளி, மதிலோரம் குந்தியிருந்து, துளிப்போத்தலைத் திறந்தாள்.

அதே துளியில் சிவந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபமல்ல, வெட்கம். வெறுங்கண்ணால் பார்த்தால் தெரிகிற தோட்டத்தைப் பார்க்காமல், போத்தலைப் பார்த்து உலகத்துக்கு எழுதிவிட்டாள்.

போத்தல்களை மாதாமாதம் சேர்த்து அனுப்புகிறவள் மார்க்கண்டுவின் மகள் கமலாவதி. குணலட்சுமியிடம் படித்தவள். இருபத்துநாலு வயது. வீட்டு முற்றத்தில் பழப்புளி கோதிக்கொண்டிருந்தவள் இவளைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்கோ ரீச்சர். தேத்தண்ணி போடட்டோ? கோயில் தண்ணிதான்."

"தெரியும்," என்றாள் குணலட்சுமி. "இப்பதான் பாத்திட்டு வாறன். பன்னிரண்டு போத்திலும் அங்கைதான் நிரப்பினனியோ?"

"ஓம். ஒரே வாளியாலை."

"உப்பிடிச் செய்யலாமோ, கமலா? நீ என்னட்டைப் படிச்சனி!"

"படிச்சபடியாலைதான் ஒரே வாளியாலை வாத்தனான்." கமலாவதி புளியங்கொட்டையைத் தூர எறிந்தாள். "வெவ்வேறை மாதிரிக் காட்ட ஒண்டிலை கொஞ்சம் உப்புப் போட, ஒண்டிலை மழைத்தண்ணி கலக்க எனக்குத் தெரியாதே? பன்னிரண்டும் ஒண்டாய் வந்தால் நீங்கள் கண்டுபிடிப்பியள் எண்டு நினைச்சன். வைகாசியிலேயே ஓடிவருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் கொழும்புக்குக் கடுதாசி போட்டியள்."

குணலட்சுமி கைப்பையைத் திறந்து வெறும் போத்தல் ஒன்றைத் தேடினாள்.

உள்ளேயிருந்து மார்க்கண்டு வந்தார். தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. வந்தவர் நேரே விஷயத்துக்கே வந்தார்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரி. உம்மடை புத்தகத்தை அச்சடிச்சுச் சீமைக்கெல்லாம் அனுப்பினவையாம். அதிலை என்ரை பேர் கிடக்கே?"

"கிடக்கு, ஐயா. எந்தக் கிணறெண்டு சொல்ல..."

"'மார்க்கண்டு வளவுக் கிணறு, உவர் தன்மை உண்டு.' அப்பிடித்தானே? எனக்கு வாசிக்கத் தெரியாது பிள்ளை. எனக்கு வாசிச்சுக் காட்டினது ஆர் தெரியுமோ? சாவகச்சேரி ஆக்கள். இவளுக்குப் பாத்த மாப்பிளை அங்கை கோட்டிலை கிளாக்கர். புத்தகம் கோட்டுக்கும் வந்திருக்கு. இவளுக்கு நான் எழுத இருந்தது இந்தக் காணிதான், கிணறும் துலாவும் வழிவாய்க்காலும் சேத்து. உவர்க் கிணத்துக் காணியை ஆர் சீதனமாய் வாங்குவான்? வெத்திலையைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

"அப்ப கொஞ்ச உவர்தானே, அப்பு," என்றாள் கமலாவதி. "இப்ப வந்து பாத்தால் மாப்பிளை கிணத்துக்குள்ளை மீனும் பிடிக்கலாம்."

"வாயை மூடடி."

குணலட்சுமி ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். "ஐயா, கிணறுகளெல்லாம் பழுதாகுது. உண்மைக் கணக்கு இல்லாட்டில் இயந்திரத்தை அவை நிப்பாட்டமாட்டினம். இன்னொண்டும் கொண்டுவந்து வைப்பினம். ஒரு வாளித் தண்ணி..."

"கிணத்தடிக்குப் போகாதையும்." அவர் சத்தம் போடவில்லை. "நான் மட்டுமில்லை. பன்னிரண்டு வீட்டிலும் கலியாணத்துக்குக் குமர் இருக்குது, இல்லாட்டிக் குமராகப்போற பிள்ளையள் இருக்குது. தோட்டம் செத்தால் இந்த வரியம் பட்டினி. பேர் கெட்டால் இதுகளின்ரை காலம் முழுக்க. நாங்கள் எல்லாரும் இருந்து கதைச்சு முடிவெடுத்தது. எவரின்ரை கிணத்துத் தண்ணியும் இனி உந்தப் போத்திலுக்குள்ளை போகாது."

அவள் வெறும் போத்தலோடு திரும்பினாள்.

வியாழக்கிழமை மூன்று கார்கள் வந்தன. குழுவின் செயலாளர் இராசநாயகம் தொப்பியோடு முன்னால் நடந்தார். வந்தவர்களில் யாவாவில் வேலை செய்யும் ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் உயரமாக, வெயிலில் சிவந்துபோய் இருந்தார். ஊர்ச்சனம் அவருக்குப் பார்த்தவுடனே யாவாத்துரை என்று பெயர் வைத்துவிட்டது. தூரத்தில் வேலியோரங்களில் ஆண்கள் நின்று பார்த்தார்கள். மார்க்கண்டுவும் நின்றார்.

பூவரச மரத்தடியில் வைத்து இராசநாயகம் அவளைப் பேசச் சொன்னார். குணலட்சுமி ஆங்கிலத்தில் பேசினாள். தான் எழுதிய வரி பிழை என்றாள். போத்தல்களில் வந்தது அந்தக் கிணறுகளின் தண்ணீரே அல்ல என்றும், சரிபார்க்காமல் எழுதியது தன் குற்றம் என்றும், தோட்டங்கள் கருகுவதை அவர்களே பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

இராசநாயகத்தின் முகம் வெளிறிவிட்டது. தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "எந்த எந்தக் கிணறு? எவ்வளவு உப்பு? ஆரின்ரை காணி?"

"தெரியாது. தெரிஞ்சாலும் பேர் சொல்லமாட்டன்."

"பேருமில்லை, கணக்குமில்லை. கோடையிலை செடி வாடுறதைக் காட்டி இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ எண்டு நான் எழுதுறதோ? அடுத்த மாதம் ரெண்டாவது இயந்திரம் வருகுது, அதைத் தெரிஞ்சு வைச்சிரும். குருநகர்ச் சனத்துக்கு நீர் பதில் சொல்லுவீரோ?"

யாவாத்துரைக்குத் தமிழ் விளங்கவில்லை. சண்டை விளங்கியிருக்க வேண்டும். அவர் ஒரு தடியை எடுத்து நிலத்தில் கீறத் தொடங்கினார். மேலே ஒரு கோடு, அது கிணற்று நீர்மட்டம். கீழே ஒரு கோடு, அது உப்பு. இயந்திரம் இழுக்குமிடத்தில் மேற்கோடு பள்ளமாகக் கீழே வளைந்தது. அதற்கு நேர்கீழே உப்புக்கோடு கூம்பு போல மேலே எழும்பியது. தன் நாட்டின் மணற்குன்றுகளிலும் இப்படித்தான் நடந்தது என்றார் அவர். கூம்பின் உச்சி இயந்திரத்துக்கு நேர்கீழே; விலக விலகச் சரிவு. எத்தனை தூரத்தில் எவ்வளவு உப்பு என்று தெரிந்தால் கூம்பின் வடிவம் தெரியும், வடிவம் தெரிந்தால் எப்போது நிறுத்துவது என்று சொல்லலாம். தெரியாவிட்டால் எந்தத் தீவிலும் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. தங்கள் கப்பல் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து புறப்படுகிறது என்றும் சொன்னார். பிறகு அதே படத்தை மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று இயந்திரத்தைச் சுற்றி வட்டங்கள் கீறினார்.

குணலட்சுமி அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வட்டத்தில் கிழக்குமில்லை மேற்குமில்லை. வேலியுமில்லை. கூம்பு கேட்பது ஒன்றே ஒன்று: இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரம்? யாருடைய காணி என்பது அதற்குத் தேவையே இல்லை. அவள்தான் தேவையில்லாத ஒன்றை எழுதி அச்சேற்றியிருந்தாள்.

கார்கள் போன பிறகு அவள் மீண்டும் மார்க்கண்டுவின் படலையடியில் போய் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கமலாவதி மட்டும் படலைக்கு வந்தாள்.

"இன்னும் என்ன ரீச்சர்?"

"இயந்திரத்துக்குக் கிட்ட நாலு வீடு. அதுக்கு வெளியாலை நாலு. கடைசியிலை நாலு. சரிதானே?" குணலட்சுமி மூச்சுவிடாமல் சொன்னாள். "நாலு வீட்டுத் தண்ணியையும் ஒரே அளவு எடுத்து ஒரு பானையிலை கலந்தால் என்ன வரும்?"

கமலாவதி யோசித்தாள். வகுப்பில் யோசிக்கும்போது செய்வதுபோலக் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டாள். "உப்பு எங்கையும் போகாது. நாலிலையும் கிடந்த உப்பு முழுக்கப் பானையிலை கிடக்கும். அளந்தால் நாலின்ரை சராசரி வரும்."

"ஆரின்ரை கிணத்திலை கூட, ஆரின்ரையிலை குறைய எண்டு?"

"பானைக்கு வாய் இருந்தாலும் சொல்லேலாது." அவள் நிறுத்தினாள். "உங்களுக்கும் தெரியாதோ?"

"எனக்கும் தெரியாது. தெரியக்கூடாது."

முற்றத்திலிருந்து மார்க்கண்டுவின் குரல் வந்தது. "அப்ப ஒருத்தன் கோயில் தண்ணியைக் கொண்டுவந்து வாத்தால்?"

அதற்குக் கமலாவதி முந்திக்கொண்டாள். "நாலு பேரும் சேந்து நாலு கிணத்தடிக்கும் போறது, அப்பு. ஒருத்தர் அள்ள மற்ற மூண்டு பேரும் பாத்துக்கொண்டு நிக்கிறது. உப்புக்கு நிறமில்லை, பாத்தாலும் ஒண்டும் தெரியாது. ஆனால் எந்தக் கிணத்திலை அள்ளினது எண்டு தெரியும். ஒருத்தரும் நாக்கிலை வைக்கப்படாது, அவ்வளவுதான்."

மார்க்கண்டு எழும்பிப் படலைக்கு வந்தார். பிறகு சொன்னார்: "இவளின்ரை காரியம் முடிஞ்சுது, பிள்ளை. இனி நீர் பேரை எடுத்தாலும் அவங்கள் வரப்போறதில்லை. விளங்குதோ?"

"விளங்குது, ஐயா."

"மற்றப் பதினொரு வீட்டுக்காகத்தான் சொல்லுறன். வந்து பானையை வையும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துநாயகம் இயந்திரத்தை ஓடவிட்டுத் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த வேளையில், இயந்திரக் கொட்டிலின் நிழலில் மூன்று பானைகளை வைத்தார்கள். நாலு நாலு பேராக ஆண்கள் கிணற்றுக்குக் கிணறு போனார்கள். நன்னீர் மேலே மிதக்கும் என்பதால் மேலாக மொண்டால் கிணறு பொய் சொல்லும். ஆகவே கல்லைக் கட்டிய போத்தலின் தக்கையில் இன்னொரு கயிறு கட்டி, அடியில் இறக்கிய பிறகு தக்கையை இழுத்துத் திறந்து, அடித்தண்ணீரையே எடுத்தார்கள். செத்தவீட்டுக்குப் பாடை கட்டுகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

உள்வளையத்துப் பானைத் தண்ணீர் சிவக்கவே மறுத்தது. குணலட்சுமி துளிப்போத்தலை இரண்டு தரம் நிரப்பினாள். சிவந்தபோது அந்தத் தண்ணீர் மனிதன் குடிக்கும் தண்ணீராக இல்லை. செடி குடிக்கும் தண்ணீராகவும் இல்லை. நடுவளையம் அதில் பாதி. வெளிவளையம் கோயில் கிணற்றைவிடச் சற்றுத்தான் கூட. நிலத்தில் கீறிய கூம்பு அப்படியே எண்களில் எழும்பி நின்றது. நாலு வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய உப்பு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

கிறிஸ்துநாயகம் பூசை முடிந்து வேட்டியோடு வந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு காலம், ரீச்சர்?"

"மழை வந்து, கலவை பழைய கணக்குக்கு வருமட்டும். இப்ப நிப்பாட்டாட்டில் வாற வரியம் உங்களுக்கும் தண்ணி இல்லை, இவைக்கும் இல்லை."

"மழை ஐப்பசியிலை." அவன் கொட்டிலுக்குள் போய் எண்ணெய்க் குழாயை மூடினான். இயந்திரம் இரண்டு மூன்று முறை இருமி நின்றது. சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக ஊரில் காகங்களின் சத்தம் கேட்டது. "அக்காவுக்கு நானே போய்ச் சொல்லுறன். சேமக்காலையிலை புதைக்க இடம் கிடக்கோ எண்டும் பாத்துக்கொண்டு வாறன்."

குணலட்சுமி அவன் பின்னால் போக எழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டி வேண்டாமென்றான்.

திங்கட்கிழமை இராத்திரி ரயிலில் அறிக்கை கொழும்புக்குப் போயிற்று. யாவாத்துரையும் மற்றவர்களும் அதைத் தங்கள் தங்கள் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். முதல் பக்கத்தில், முந்தைய வருடக் கட்டுரையின் பெயர்ப் பட்டியலைக் கழித்துவிடும்படி கேட்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் முறை மட்டும் இருந்தது, இப்படி:

கிணறுகளுக்கு உரிமையாளர் பெயர் எழுத வேண்டாம். இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது போதும். ஒரே தூரத்திலுள்ள கிணறுகள் ஒரு வளையம். வளையத்துக்கு நாலு கிணறாவது இருக்க வேண்டும். நாலு வீட்டாரும் கூடநின்று ஒவ்வொரு கிணற்றின் அடியிலிருந்தும் ஒரே அளவு நீர் எடுத்து, ஒரே பாத்திரத்தில் கலந்து, கலவையை மட்டும் அளக்க வேண்டும். உள்வளையக் கலவையின் உப்பு மாரி முடிவில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கானதும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அது பழைய அளவுக்கு இறங்கிய பிறகே திரும்ப ஓட்டலாம்.